ஆளில்லாத இடது பூட்ஸ்

சற்குணத்தின் இடது பூட்ஸ் ஆளில்லாமல் நடக்கத் தொடங்கியபோது ஈச்சம்பேட்டையில் யாரும் கடையை அடைத்துவிட்டு ஓடி வரவில்லை, ஏனென்றால் அது தோல் ஊர், பாலாற்று மணலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் தோலைக் கழுவி, தோலை உலர்த்தி, தோலை வெட்டி, தோலைத் தைத்து, அந்த வாடையிலேயே கல்யாணமும் கருமாதியும் நடத்திவந்த ஊர். உயிரோடிருந்த நாளெல்லாம் மேய்ச்சலுக்கும் தொழுவத்துக்குமாக நடந்து நடந்தே காலம் கழித்த ஒரு மாட்டின் தோல், செத்த பிறகும் கொஞ்ச தூரம் நடந்தால் அதில் என்ன பெரிய அதிசயம் என்று இஸ்மத் பாயின் டீக்கடையில் முதல் நாள் காலையிலேயே பேசி முடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதிசயமாகப் பட்டது வேறு. தெபோராள் தைத்த பூட்ஸ் கோணலாக நடக்கிறதே, அதுதான்.

தெபோராள் கோணலாக எதையும் தைத்தவளில்லை. மேம்பாலத்தின் கீழே, 'அளவெடுத்து பூட்ஸ், ஷூ தைக்கப்படும்' என்று அவளே பெயின்ட் அடித்து மாட்டிய போர்டுக்குப் பின்னால் அவள் கடை இருந்தது. ஊரைச் சுற்றியிருந்த கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஷூ அனுப்பிக்கொண்டிருந்தாலும், கம்பெனிக்குத் தெரியாத கால்கள் உலகத்தில் எவ்வளவோ உண்டு, அந்தக் கால்கள் எல்லாம் அவளிடம்தான் வந்து சேர்ந்தன: ஆறு விரல் வக்கீலின் கால், தட்டைப் பாதம் வைத்துக்கொண்டு பந்தோபஸ்துக்கு நிற்க முடியாமல் தவித்த இன்ஸ்பெக்டரின் கால், ஒரு கால் குட்டையாகப் பிறந்த பள்ளிக்கூடத்து டீச்சரின் கால், மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளை ஷூதான் வேண்டும் என்று அடம்பிடித்த, அகலமான, அடங்காத கால்கள். சொன்ன தேதிக்கு அவள் கொடுத்ததில்லை, காத்திருந்து வாங்காமல் போனவரும் இல்லை. அவசரப்படுத்துகிறவர்களிடம், "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரப்பர் செருப்பு தொங்குது பாரு, அது உடனே கிடைக்கும்" என்பாள்.

அவளுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. வந்தவர் யாராயிருந்தாலும் பழுப்புக் காகிதத்தின்மேல் வெறுங்காலோடு நிமிர்ந்து நிற்க வேண்டும், உடம்பின் பாரம் முழுக்க இறங்கியிருக்கும்போதுதான் அவள் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைவாள், அதுவும் வலதைத் தனியாக, இடதைத் தனியாக. ஒரே வயிற்றில் பிறந்தாலும் ஒருத்தனைப்போல ஒருத்தன் இருக்கமாட்டான், காலும் அப்படித்தான் என்பது அவள் கணக்கு. அந்தக் கோட்டை வைத்து மரத்தில் பாதத்தின் உருவத்தையே செதுக்கி எடுப்பாள். அந்த அச்சுக்கட்டைமேல்தான் தோல் ஏறும். இரண்டாவது கட்டுப்பாடு, ஒற்றையாக எதையும் தைக்கமாட்டாள். ஒரே தோலின் முதுகுப் பக்கத்திலிருந்து வலதும் இடதும் அருகருகே வெட்டப்பட வேண்டும், ஒரே நாளில் ஆணி இறங்க வேண்டும், கடையை விட்டுப் படியிறங்கும்போதும் சேர்ந்தே இறங்க வேண்டும்.

இந்த இரண்டாவது கட்டுப்பாடுதான் சற்குணம் வந்தபோது வம்பில் கொண்டுபோய் விட்டது.

சற்குணம் ரயில்வேயில் கீமேன், அதாவது கையில் சுத்தியலோடு தண்டவாளத்தின் மேலேயே தினமும் நடந்து, கழன்ற ஆப்புகளைத் தட்டி இறுக்குகிற வேலை. ஒரு மழை நாளில் சரக்கு வண்டிக்கு முழங்காலுக்குக் கீழே இடது காலைக் கொடுத்துவிட்டு, மீதியோடு பிழைத்து வந்தான். ரயில்வே அவனை லெவல் கிராசிங் கேட்டில் உட்கார வைத்தது. கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு அவன் கடைக்குள் வந்து நின்றபோது தெபோராள் குனிந்தபடியே அவன் வலது காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, ஒரு பூட்சு வேணும்."

"உக்காரு. ஜோடி தைக்க மாசம் ஆவும்."

"ஜோடி இன்னாத்துக்குக்கா? ஒண்ணு போதும். கடையில ஜோடியாத்தான் குடுக்குறான். வாங்கி, இடதைத் தூக்கிப் போடறதுக்கு மனசு வரல."

"ஒத்தைக்கு ஒத்தை நான் தைக்கறதில்லப்பா."

"இல்லாத காலுக்கு நான் இன்னாத்தக்கா மாட்டறது?"

"அது உன் பாடு. வாசல்ல வெச்சுக்கோ, செடி நட்டுக்கோ. தைக்கறது ரெண்டுதான்."

அவன் சிரித்துவிட்டான். கால் போன பிறகு அவனிடம் பாவம் பார்த்துப் பேசாத முதல் ஆள் அவள்தான். காகிதத்தில் ஏறி நின்றான். வலது காலை வரைந்தாள். பல வருஷம் ஜல்லிக் கல்லில் நடந்து நடந்து அது வெளிப்பக்கமாக விரிந்து, பெருவிரல் ஒரு பக்கமும் சுண்டு விரல் ஒரு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பென்சிலோடு காகிதத்தின் காலியான பக்கத்துக்கு வந்தாள், நின்றாள்.

"இடது எப்படி இருக்கும்? இதே மாதிரி விரிஞ்சிருந்துதா?"

"யாருக்குத் தெரியும்க்கா? இருந்தப்ப யாரு பார்த்தா."

அங்கேதான் அவள் தவறு நடந்தது. ஊரில் எந்தச் செருப்புக்காரனும் வலதைப் பார்த்து இடதைச் செய்யமாட்டான், அவள் சுத்தமாகச் செய்யமாட்டாள். ஆனால் கேட்பதற்குக் கால் இல்லாத இடத்தில், வலதைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படியே இடதுக்கு அச்சுக்கட்டை செதுக்கினாள். செதுக்கும்போதே கை தயங்கியது. போட்டு நடக்கப் போவது யார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கறுப்புத் தோல், கணுக்காலுக்கு மேலே ஏறும் உயரம், குதிகாலில் இரும்பு லாடம். ஜோடி முடிந்து, சற்குணம் வந்து, வலதைப் போட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டி, இடதை மடியில் வைத்து அதன் மூக்கைத் தடவிப் பார்த்துத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். கட்டையை ஊன்றி ஓர் அடி வைத்தான். இடது பூட்ஸும் ஓர் அடி வைத்தது. அவன் நின்றான், அது நின்றது. அவன் தெபோராளைப் பார்த்தான், தெபோராள் பூட்ஸின் அடியைப் பார்த்தாள்.

"குதிகால் சரியாத்தான் பதியுது. போய் வா," என்றாள்.

ஊர் அதைத் தன் பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. நாய்கள் சில நாள் குரைத்துவிட்டு அலுத்துப்போயின. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் தனி டிக்கெட் கேட்டபோது பஸ்ஸே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ரெண்டு காலும் சேர்ந்துதானே ஒரு ஆளு என்று ஒரு கட்சி, தனியா ஏறினால் தனி டிக்கெட்தான் என்று ஒரு கட்சி. கடைசியில், சீட்டில் உட்கார்ந்தால் டிக்கெட், படிக்கட்டு ஓரம் நின்றுகொண்டு வந்தால் கிடையாது என்று முடிவாகி, பூட்ஸ் அன்றிலிருந்து கம்பியோரமாக நின்றே பயணம் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்கு வெளியே செருப்புக் குவியலின் பக்கத்தில் அது காவல் நின்றதால் யாருடைய செருப்பும் தொலையாமல் போக, ஆராதனை முடிந்து வருகிறவர்கள் அதன் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். இஸ்மத் பாய் தன் கடை பெஞ்சுக்குக் கீழே அதற்கென்று ஒரு சாக்குத் துண்டு போட்டுவைத்தார்.

ஆனால் அது கோணலாக நடந்தது. சற்குணம் சுவரோரமாக ஒதுங்கிப் போகும்போது அது அவனை விட்டு இடப்பக்கம் விலகி விலகி நடுரோட்டுக்குப் போயிற்று, ஆட்டோக்காரன்கள் ஒடித்துத் திருப்பித் திட்டினார்கள், திட்டிவிட்டு நேரே மேம்பாலத்துக்கு அடியில் வந்து வண்டியை நிறுத்தி, "இன்னாக்கா, உன் பூட்சு தண்ணி போட்டுட்டுப் போவுதா?" என்று கேட்டார்கள்.

"போற எடம் தெரிஞ்சு போவுது. உன் ஆட்டோ மாதிரி இல்ல," என்று தெபோராள் பதில் சொன்னாலும், அவர்கள் போன பிறகு ரொம்ப நேரம் ஊசியில் நூல் கோக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

சற்குணத்தின் ஊர் மேட்டுக்கொல்லை, ஈச்சம்பேட்டையிலிருந்து டவுன் பஸ் போகிற கடைசி ஊர். பஸ் நிற்குமிடத்திலிருந்து இடப்பக்கம் பிரிவது பெரிய தெரு. அது நேராகப் போய் முடிகிற இடத்தில் காலனி, காலனியில் சற்குணத்தின் வீடு. வலப்பக்கம் பிரிவது ஏரிக்கரை. அது ஏரியை முழுக்கச் சுற்றிக்கொண்டு, கருவேல முள்ளுக்குள் நுழைந்து, அதே காலனிக்குப் பின்பக்கமாக வந்து சேரும். காலனிக்காரர்கள் பெரிய தெருவில் போகலாம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகலாம். எந்தக் காகிதத்திலும் இல்லாத வழக்கம், இப்போது யாரும் யாரையும் அடிப்பதில்லை, யாரும் வாயைத் திறந்து சொல்வதுகூட இல்லை. தெருமுனை வந்ததும் கை தானாகக் காலுக்குப் போகும், அவ்வளவுதான். வேலை கிடைத்து ரயில்வே கொடுத்த முதல் பூட்ஸோடு ஊருக்கு வந்த நாளில் சற்குணம் அந்த முனையில் நின்று யோசித்து, கழற்றவும் வேண்டாம், கலாட்டாவும் வேண்டாம் என்று வலப்பக்கம் திரும்பினான். அன்றிலிருந்து ஏரிக்கரைதான். கால் போன பிறகும், கட்டையை ஊன்றிக்கொண்டு, முள்ளுக்குள் ஏரிக்கரைதான்.

பூட்ஸ் அந்த முனையில் இடப்பக்கம் திரும்பியது. தெபோராளின் அச்சுக்கட்டை அதை அப்படித்தான் வளைத்திருந்தது. சற்குணம் பதறி, "ஏய், ஏய்," என்று கூப்பிடக் கூப்பிட, அது டக் டக் என்று லாடம் ஒலிக்கப் பெரிய தெருவின் சிமென்ட் ரோட்டில் நடுவாக நடந்துபோனது; தண்ணீர்ப் பைப்பில் குடம் வைத்திருந்த பெண்கள் பார்த்தார்கள், வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் பார்த்தார்கள், ஊர்ப் பெரியவர் தணிகாசலம் ஈஸிசேரிலிருந்து பாதி எழுந்து பார்த்தார். காலனிப் பக்கத்துப் பூட்ஸ் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கழற்றச் சொல்லலாம் என்றால் அதற்குள் யாரும் இல்லை.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது.

"தூக்கி வீசிட்டா முடிஞ்சுது," என்றான் ஒருத்தன்.

"எவன் தூக்கறது? நீ தூக்கறியா?"

அவன் உட்கார்ந்துகொண்டான். அடுத்தவன் கால் செருப்பை, அதுவும் அந்தக் கால் செருப்பை, அந்தத் தெருவில் யாரும் கையால் தொட்டதில்லை. காலனிக்கு ஆளனுப்பினார்கள். காலனிக்காரர்கள் பணிவாக வந்து நின்று பணிவாகப் பதில் சொன்னார்கள்: "காலு இருந்தா எடுடான்னு சொல்லலாங்க. காலே இல்லாததை நாங்க எப்படிங்க எடுக்கச் சொல்றது? அது எங்க பேச்சைக் கேக்கறதில்லைங்க." திரும்பிப் போகும்போது அவர்கள் தோள்கள் குலுங்கியதை இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

ஆக, பூட்ஸ் தினமும் வந்தது. வந்து வந்து பழகிப் போயிற்று. கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போனதால் பெண்களுக்கு அதன்மேல் கோபம் இல்லை. மாடு தறிகெட்டு ஓடிய ஒரு நாள் அது குறுக்கே நின்று மாட்டை மறித்தது என்றார்கள்; மாடு அதைப் பார்த்து, தன் இனத்தில் யாரோ என்று நின்றுவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பிறகு பேச்சு மாறியது. எல்லையில் நிற்கிற முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் பெரிய பெரிய தோல் செருப்பாகச் செய்து காணிக்கை வைப்பது அந்தப் பக்கத்தில் உள்ளதுதான்; ராத்திரியில் சாமி அதைப் போட்டுக்கொண்டு எல்லையைச் சுற்றிவரும், காலையில் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும். அந்தச் சாமிதான் இப்போது பகலிலும் வருகிறது என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, ஒரு வெள்ளிக்கிழமை பூட்ஸின் மூக்கில் தூர நின்று எறிந்த மஞ்சளும் குங்குமமும் இருந்தன. முதலில் தீட்டு என்று தொடவில்லை, இப்போது சாமி என்று தொடவில்லை. எப்படியோ, தொடவில்லை. தணிகாசலம் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "சாமி தெரு வழியா வரட்டும். சற்குணம் எப்பவும்போல ஏரிக்கரையில வரட்டும். ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல."

சற்குணம் தெபோராளின் கடைக்கு வந்தபோது அவன் வேட்டியெல்லாம் முள் கிழித்திருந்தது. பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"சரி பண்ணிக் குடுக்கா."

"இன்னாத்த?"

"இன்னாத்தயா? நான் முள்ளுல கட்டைய ஊனி ஊனி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள இது நேரா தெருவுல போய் என் வாசல்ல ஒக்காந்துருக்குது. என் பொண்டாட்டி கேக்கறா, உன் காலு வந்து எவ்ளோ நேரமாவுது, நீ எங்க சுத்திட்டு வரேன்னு. போற வழியெல்லாம் குங்குமம் வேற. என் காலுக்குத் தெருவுல போவ வழி இருக்குது, எனக்கு இல்லக்கா. இத என் கூட ஏரிக்கரையில வர்ற மாதிரி பண்ணிக் குடு. இல்லன்னா ஆணி அடிச்சு வெச்சுடு."

தெபோராள் பூட்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அது அசையாமல் இருந்தது. திருத்துவது பெரிய வேலை இல்லை: தோலை நனைத்துக் கழற்றி, அச்சுக்கட்டையின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவி, மறுபடி ஏற்றி இழுத்தால் ஒரு பகலில் முடிந்துவிடும், பூட்ஸ் அவன் பக்கமாகவே ஒட்டிக்கொண்டு நடக்கும். தவறு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். தவறாகத் தைத்த எதையும் அவள் இன்றுவரை திருத்தாமல் வெளியே விட்டதில்லை. ஊர் முழுக்கக் கோணல், கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தது வேறு காதில் குடைந்தது. ராம்பியை, அந்தத் தோல் சீவும் கத்தியை, கையில் எடுத்துவிட்டுக் கேட்டாள்:

"நீ ஏன் இது கூடப் போவல?"

"கழட்டணும்க்கா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதாங்கா விஷயமே."

அவள் ராம்பியைக் கீழே வைத்தாள்.

"இதுல கை வெக்க மாட்டேன். எடுத்துட்டுப் போ."

"தப்பு உன்னுதுன்னு உனக்கே தெரியும்க்கா!"

"தெரியும். இதைத் திருத்துனா நீ சாவற வரைக்கும் ஏரிக்கரைதான். அந்த வேலைக்கு நான் லாயக்கு இல்ல."

"ஒக்காந்த எடத்துல பேசறது சுலபம். முள்ளுல நடக்கறவன் நானு," என்று சற்குணம் பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனான். அவன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை என்று தெபோராளுக்குத் தெரியும். ஆனால் திருத்தியிருக்கலாமோ என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. திருத்தாமல் விட்டதற்கு வேறு ஏதாவது செய்தாக வேண்டும் என்று மட்டும் நினைத்தாள், அது என்ன என்றுதான் தெரியவில்லை.

தெரியாமலே இருந்த நாட்களில் ஒரு நாள், கடைமுன் ஒரு கார் வந்து நின்றது. தணிகாசலம் இறங்கினார்.

"இன்னாம்மா, நீதான் தெபோராளா?"

"போர்டுல வேற யாரு பேராவது போட்டிருக்குதா?" போர்டில் பேரே இல்லை. தணிகாசலம் நிமிர்ந்து போர்டைப் பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டார்.

"சாமி நொண்டுது."

"எந்தச் சாமி?"

"எங்க ஊர்ல வர்ற... அதான், பூட்ஸ் சாமி. நாலு நாளா இழுத்து இழுத்துப் போவுது. ரோடெல்லாம் கீறல். ஊர்ல ஒரு பசு செத்துடுச்சு, போர்ல தண்ணி எறங்கிடுச்சு. ஏதோ குறைன்னு எல்லாரும் பயப்படறாங்க."

"லாடம் தேஞ்சிருக்கும். எடுத்துட்டு வாங்க, அடிச்சுத் தரேன்."

"சாமியை எப்படிம்மா எடுத்துட்டு வர்றது? நீ வா. கார் கொண்டாந்திருக்கேன்."

தெபோராள் சுத்தியல், ஆணி டப்பா, புது லாடம், மெழுகு நூல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் நிதானித்து, உதட்டுக்குள் ஏதோ சிரித்துக்கொண்டு காரில் ஏறினாள்.

பெரிய தெருவில் நல்ல உச்சி வெயில். சாமிக்கு வேலை நடக்கப் போகிறது என்பதால் தெருவே திரண்டு இரண்டு பக்கமும் நின்றது, சாமி முன்னால் நிற்கிறோம் என்பதால் எல்லாரும் செருப்பை வீட்டிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். தணிகாசலமும் காரிலிருந்து வெறுங்காலோடுதான் இறங்கினார். பூட்ஸ் தெரு நடுவில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருந்தது. தெபோராள் அதைக் கையில் எடுத்தாள். கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. திருப்பிப் பார்த்தாள், விரலால் குதிகாலைத் தடவினாள், மறுபடி கீழே வைத்தாள்.

"எங்க இதோட ஜோடி?"

தலைகள் ஏரிக்கரைப் பக்கம் திரும்பின.

"நான் எதையும் ஒத்தையா தைக்கறதும் இல்ல, ஒத்தையா ரிப்பேர் பண்றதும் இல்ல. ஈச்சம்பேட்டையில யாரை வேணா கேளுங்க. ரெண்டும் சேந்து நடந்து காட்டணும். தேய்மானம் எதனாலன்னு அப்பத்தான் தெரியும். தெரியாம லாடத்தை அடிச்சேன்னா நாளைக்கு உங்க சாமி எந்தக் குட்டிச்சுவத்துல போய் முட்டிக்கும்னு நான் பொறுப்பு இல்ல."

கூட்டத்தில் கசமுசா எழுந்தது. தணிகாசலம் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சரி, அவனை வரச் சொல்றேன். கழட்டிக் கையில எடுத்துட்டு வரட்டும்."

"கையில இருக்கற பூட்சு நடக்குமா பெரியவரே?"

அவர் தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒரு கிழவி, "பசு போச்சு, தண்ணி போச்சு, இன்னும் யாரு போவணும்? வரச் சொல்லுப்பா!" என்று அழுகிற குரலில் கத்தினாள். அது போதுமாயிருந்தது.

சற்குணத்தை முனைக்கு அழைத்து வந்தார்கள். அவன் பஸ் நிற்குமிடத்தில் நின்றான், இடப்பக்கம் தெரு, வலப்பக்கம் ஏரிக்கரை. தெபோராள் தெரு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுவரைதான். அவன் காலை அவள் எடுத்து வைக்க முடியாது.

அவன் குனிந்தான். கட்டையில் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு, கை தானாக வலது பூட்ஸின் கயிற்றுக்குப் போனது. கயிறு இறுக்கமாக இருந்தது, விரல் முடிச்சைத் தேடியது. தெரு மூச்சு விட்டது. தெபோராள் ஓர் ஆணியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். அப்போது இடது பூட்ஸ் நொண்டிக்கொண்டே திரும்பி, வந்த வழியே அவனிடம் போய், இல்லாத காலின் இடத்தில் அவனோடு ஒட்டி நின்றது. சற்குணம் அதைப் பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்ப்பதற்குப் பதில் இன்னும் ஓர் இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

நடந்தான்.

முதல் சில அடிகள் ஓரமாக, சுவரைப் பார்த்து ஒதுங்கித்தான் வைத்தான், ஈச்சம்பேட்டையில் நடப்பதைப்போல, ரயில்வே குவார்ட்டர்ஸில் நடப்பதைப்போல, பிறந்ததிலிருந்து எல்லாத் தெருவிலும் நடந்ததைப்போல. இடது பூட்ஸ் அவனை விட்டு நடுத்தெருவுக்கு இழுத்தது. அப்புறம் ஏதோ ஓரிடத்தில் அவன் ஒதுங்குவதை விட்டான். கால் எப்படிப் பிறந்ததோ அப்படி, விரிந்தது விரிந்தபடி வைத்தான். வலது வலப்பக்கம் இழுக்க, இடது இடப்பக்கம் இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, நூல் பிடித்தாற்போல் நேராக வந்தன. டக், டக். நொண்டல் இல்லை. தெபோராள் வாயில் வைத்திருந்த ஆணியை எடுத்தாள். கோணலாக இருந்தது பூட்ஸ் இல்லை, அவன் ஒதுங்கி ஒதுங்கி நடந்த நடை. கூட நடக்க ஆளில்லாமல் ஒரே பக்கமாக இழுத்து இழுத்துத்தான் குதிகாலும் தேய்ந்திருக்கிறது. ஒரு லாடம், நாலு ஆணி, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. முதல் நடையிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"தெரிஞ்சுதா?" என்றார் தணிகாசலம்.

"இல்ல," என்றாள் தெபோராள். "இன்னொரு நடை."

சற்குணம் தெருவின் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தான். இன்னொரு நடை என்றாள். போனான், வந்தான். அவன் முகத்தில் வியர்வை வழிந்தது, அதைத் துடைக்கவும் அவனுக்கு நேரமில்லை. அவளைக் கடந்து போகும்போது, "இன்னும் கோவமாடா?" என்று கேட்டாள். "நடக்கும்போது பேச்சுக் குடுக்காதக்கா," என்றான், முன்னால் பார்த்தபடி.

நேரம் போனது. காலனியிலிருந்து அவன் மனைவி சிந்தாமணி சோற்றுத் தூக்கும் தண்ணீருமாக வந்தாள், வெயிலில் இந்த மனுஷன் எவ்வளவு நேரம்தான் நடப்பான் என்ற கோபத்தில் வந்தாள், தெரு முனையில் நிற்க மறந்து வந்தாள். ரப்பர் செருப்பு சப்பு சப்பென்று அடிக்க அவள் பாதித் தெரு வந்துவிட்ட பிறகுதான் தணிகாசலம் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் தெபோராள், பூட்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "கணக்கு தப்பிடும்."

சிமென்ட் ரோடு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. தணிகாசலம் ஒரு காலைத் தூக்கி மற்றதில் நின்றார், அதை மாற்றி இதில் நின்றார். தெருவில் இரண்டு பக்கமும் நின்ற பெரிய மனிதர்கள் எல்லாரும், வெறுங்காலோடு, நிழலுக்கும் போக முடியாமல் சாமியை விட்டும் போக முடியாமல், இந்தக் காலும் அந்தக் காலுமாக மாறி மாறித் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் சற்குணம் பூட்ஸோடும், சிந்தாமணி செருப்போடும், அவசரமே இல்லாமல் நடந்து போனார்கள்.

"ஆச்சாம்மா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் தணிகாசலம்.

தெபோராள் சாக்கைச் சரியாக இழுத்துப் போட்டு, இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"பெரிய வேலை பெரியவரே," என்றாள். "இன்னைக்கு முடியாது போலிருக்குது. நாளைக்கும் நடக்கட்டும்."